பாழ்மனையும் ஊரின் கடமையும்

மனிதனுக்கு உள்ளதுபோலவே அவன் வாழும் மனைக்கும் பிறப்பும் வளர்ச்சியும் மூப்பும் உண்டு. மனிதன் கண்மூடினால் அவனுக்குரிய கடன்களைச் செய்யச் சுற்றத்தார் இருக்கின்றனர். ஆளற்றுப்போன மனைக்கு அக்கடனைச் செய்ய வேண்டியவர் யாவர்? உடையவனா? அவனுக்குக் கடன் கொடுத்தவனா? அண்டை வீட்டானா? நகரசபையா? அரசாங்கமா? இக்கேள்வி சிறிதெனத் தோன்றினும், நீலகிரியில் வாழும் நம் சமூகத்தாருக்கும், இம்மலையை விட்டுச் சமவெளியில் குடியேறியிருக்கும் நம்மவருக்கும் இன்று இதனினும் நெருங்கிய விஷயம் வேறில்லை. நம் ஹட்டிகளில் பூட்டிக் கிடக்கும் மனைகளைக் கண்ணால் கண்டோர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. 2011ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இந்தியா முழுவதிலும் எண்ணப்பட்ட ஏறக்குறைய 33 கோடிக் கட்டிடங்களுள் 2 கோடியே 46 லட்சத்துக்கு மேற்பட்டவை காலியாகக் கிடந்தன. ஒருபுறம் குடியிருக்க இடமின்றி மக்கள் அலைய, மறுபுறம் இத்தனை மனைகள் விளக்கேற்றுவாரின்றி நிற்பது உலக விந்தைகளுள் ஒன்றன்றோ? இதற்குப் பரிகாரம் தேடுமுன், இருநூறு ஆண்டுகளாக இம்மலையில் கைவிடப்பட்ட வீடுகள் என்னவாயின என்று ஆராய்வது நலம். எந்த மனை பிழைத்தது, எது அழிந்தது, ஏன் அழிந்தது என்பதைச் சரித்திரமே நமக்குத் தெளிவாகச் சொல்லும்.

பிழைத்த மனைகள்

கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில் அவர் ஒரு மனை அமைத்தார். பின்னர் உதகமண்டலத்தில் தோடரிடம் நிலம் பெற்று, 1822ஆம் ஆண்டில் கல்லினால் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார். மக்கள் அதனைக் ‘கல் பங்களா’ என்றனர். உதகையில் ஐரோப்பிய முறையில் எழுந்த முதல் வீடு அதுவே. தம் மனைவியையும் மகளையும் உதகை மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு, சல்லிவன் இந்நாட்டை விட்டுச் சென்றார். அவர் கட்டிய இரண்டு மனைகளும் அவர் இன்றியே நெடுங்காலம் நிற்க நேர்ந்தது.

இவ்விரண்டின் பிற்கால வரலாறும் கவனிக்கத்தக்கது. கல் பங்களா ஒருநாளும் பயனற்றுக் கிடந்ததில்லை. உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக விளங்கிய காலத்தில் அங்கே அரசாங்க அலுவலகங்கள் நடைபெற்றன. நாடு விடுதலையடைந்த பின்னர், 1955ஆம் ஆண்டில், அது அரசினர் கலைக்கல்லூரியாயிற்று. நம் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அம்மனையில் கல்வி கற்று மேன்மையடைந்தனர். கண்ணேரிமுக்கு மனையோ அத்தகைய பேறு பெறவில்லை. அதற்கென ஒரு வேலையும், அதனைப் பேண ஒருவரும் இல்லாமையால் அது சிதைந்து இடிபாடாயிற்று. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலையின் மீது பற்றுள்ள அன்பர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து முயன்றதன் பயனாக அது பழைய உருவில் மீண்டும் எழுந்தது. நீலகிரியின் சரித்திரச் சான்றுகளைத் தொகுத்து வைக்கும் நிலையமாக அது இப்போது விளங்குகிறது. ஒரே மனிதர் கட்டிய இரண்டு மனைகளுள் ஒன்று இடையறாது வாழ்ந்ததும், மற்றொன்று இறந்து பிறந்ததும் கல்லின் உறுதியாலோ சுண்ணாம்பின் குணத்தாலோ நேர்ந்த வேற்றுமையல்ல. ஒன்றுக்கு அடுத்தடுத்து வேலையும் பொறுப்பாளரும் கிடைத்தனர்; மற்றொன்றுக்கு நெடுங்காலம் அவை கிடைக்கவில்லை.

1947ஆம் ஆண்டுக்குப்பின் ஐரோப்பியர் பலர் தம் பங்களாக்களை விற்று நாடு திரும்பினர். சமஸ்தான மன்னர்களும் தம் கோடை மாளிகைகளைப் பேண இயலாதவராயினர். அவற்றுள் விடுதியாகவும் பள்ளியாகவும் அலுவலகமாகவும் மாறியவை இன்றும் நிற்கின்றன. ஜோத்பூர் மன்னருக்குரியதாயிருந்த ஆரன்மோர் மாளிகை தமிழ்நாட்டு அரசின் ‘தமிழகம்’ விருந்தினர் இல்லமாயிற்று. வாரிசுகள் பலராகி வழக்கு மூண்ட மனைகளோ, தீர்ப்பு வருமுன்னரே கூரையை இழக்கின்றன. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் நிற்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

பொன்னாசையால் எழுந்த ஊர்

அழிந்த மனைகளின் சரித்திரத்தைக் காண விரும்புவோர் கூடலூரைத் தாண்டித் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் செல்ல வேண்டும். அப்பகுதி முன்னர் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1877ஆம் ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கே முதலில் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய காப்பி இலைநோய் பின்னர் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கியது. கடன் வாங்கிப் பயிரிட்ட துரைமார் பலர் நஷ்டமடைந்து தோட்டங்களைக் கைவிடலாயினர்.

அந்நிலையில் பொன்னைப்பற்றிய பேச்சு எழுந்தது. அம்மலையின் ஓடைமணலை அரித்துப் பொன்துகள் எடுப்பது பழங்குடியினரின் பழைய தொழில். 1879ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராயிருந்த பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்து அப்பகுதியை ஆராயச் செய்தது. அவருடைய அறிக்கை 1880ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடனே லண்டன் நகரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நாற்பது கம்பெனிகள் பங்குகளை விற்றன. காப்பியில் தோற்ற தோட்டக்காரர், ஒன்றுக்கும் உதவாதென்று கருதிய நிலத்தைப் பொன்விலைக்கு அக்கம்பெனிகளுக்குத் தள்ளிவிட்டனர். காடு சூழ்ந்த பந்தலூரில் பங்களாக்களும் கடைகளும் எழுந்தன. கனத்த இயந்திரங்கள் மலைப்பாதையில் இழுத்துக் கொண்டுவரப்பட்டன.

பாறையை இடித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த பொன்னில் சிறு பங்கே கிடைத்தது. பங்குதாரரின் பணத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலையாகவே முன்னர்க் கரைந்துபோயிருந்தது. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மனிதர் வந்த வழியே சென்றனர். இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. பங்களாக்களைக் காடு மீண்டும் தன்னுள் இழுத்துக்கொண்டது. 1901ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஹேடன், ஹாட்ச் என்னும் இருவர் மறுபடி ஆராய்ந்தபோதும் அப்பொன்வயலுக்கு நல்வாக்குக் கிடைக்கவில்லை.

அம்மனைகளை ஏன் எவரும் காக்கவில்லை? பங்களாவைக் கட்டியவன் மானேஜர், அவன் சம்பளக்காரன். அவனுடைய கம்பெனி லண்டனில் இருந்தது. அது கலைந்தபின் பெயர் மட்டுமே எஞ்சியது. நிலமோ பெரும்பாலும் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மம். ஆக, மனைக்கு மூன்று எஜமானர் இருந்தும் மழை ஒழுகும் ஓட்டை மாற்றுவார் ஒருவருமில்லை. அந்த ஜன்ம உரிமைச் சிக்கலைத் தீர்க்கவே 1969ஆம் ஆண்டில் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின்னும் வழக்குகள் தொடர்ந்தன. பட்டா இல்லாத காரணத்தால் கூடலூர்ப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் தாம் வாழும் மனையைப் பழுதுபார்க்கவும் அஞ்சி நின்றன. உரிமை தெளிவாயில்லாத இடத்தில் ஆள் இருந்தும் மனை பாழாகும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

முதலாளி கொடுத்த வீடு

பொன்வேட்டையின் கதையை ஒத்த ஒன்று நம் காலத்திலும் நிகழ்ந்தது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசுத் தொழிற்சாலை 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 1967ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. ‘இந்து’ என்னும் பெயரால் அது வெளியிட்ட பிலிம் சுருள் நாடெங்கும் வழங்கியது. நம் ஹட்டிகளிலிருந்து அங்கு வேலைக்குச் சென்றோர் பலர். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு இந்து நகர் எனப் பெயர் பெற்றது. பிலிம் இல்லாமலே படம் பிடிக்கும் முறை உலகில் பரவியதும், நஷ்டத்தில் இருந்த அக்கம்பெனி மீளவில்லை. 2014ஆம் ஆண்டில் தொழிலாளர் விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. பின்னர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. குடும்பங்கள் வெளியேறிய வீடுகளில் புதர் மண்டியது.

தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும் இவ்வகையினவே. தோட்டத்தில் தங்கி உழைக்கும் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கிற்று. அது நல்ல சட்டமே. ஆயினும், வேலை உள்ளவரைதான் வீடு என்ற நியதியும் அதனோடு வந்தது. 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கு வாழ்வளிக்கவே தமிழ்நாட்டு அரசு இம்மலையில் தேயிலை பயிரிட்டது. 1976ஆம் ஆண்டில் அது ‘டான்டீ’ என்னும் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கடல் கடந்து வந்த அம்மக்கள் இரண்டு தலைமுறை உழைத்தபின் ஓய்வு பெற்றபோது, தம்முடையதென்று சொல்ல ஓர் அடுப்படியும் இல்லை என்பதைக் கண்டனர். 2022ஆம் ஆண்டில் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க அரசு முடிவு செய்தபோது, அவர்கள் அடைந்த கலக்கத்தை நாம் அறிவோம்.

ஈண்டு ஒன்று சொல்லுதல் வேண்டும். கைவிடப்பட்ட கட்டிடம் யாவும் மீண்டும் எழ வேண்டுமென்பது நம் கருத்தன்று. சீகூர்ப் பகுதியில் யானைகள் செல்லும் வழியில் கட்டப்பட்ட விடுதிகள் 2018ஆம் ஆண்டில் பூட்டி முத்திரையிடப்பட்டன; யானை வழியைக் காக்கவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் உறுதி செய்தது. அங்கே கட்டிடம் போவதும் நிலம் காட்டுக்குத் திரும்புவதுமே நியாயம். எந்த மனை வாழவேண்டும், எது விடைபெற வேண்டும் என்று ஆராய்ந்து முடிவுசெய்வதே அறிவுடைமை. முடிவே செய்யாமல் மழையிடமும் கரையானிடமும் அம்முடிவை விட்டுவிடுவதுதான் குற்றம்.

சட்டம் சொல்வது

ஆளற்ற வீட்டைப்பற்றி நம் நாட்டுச் சட்டம் மௌனமாயில்லை. அதன் முக்கிய விதிகளை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, வாரிசே இல்லாதவரின் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டம் (1956) 29ஆம் பிரிவின்படி அது அரசாங்கத்தைச் சேரும். சொத்தோடு கடனும் பொறுப்பும் சேர்ந்தே போகும். தூரத்து உறவினர் ஒருவர் இருந்தாலும் அரசாங்கம் உரிமை கொண்டாட இயலாது. ஆதலின் நம் ஹட்டிகளில் உண்மையாகவே வாரிசற்ற மனை மிக அரிது. வாரிசுகள் அளவுக்கு மிஞ்சி இருப்பதே நம் நோய்.

இரண்டாவது, வரி. நிலவரியும் அரசுக்குரிய பாக்கியும் கட்டாதவரின் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடும் அதிகாரம் 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டத்தால் அரசுக்கு உண்டு. வீட்டுவரி பாக்கியை வசூலிக்கும் அதிகாரம் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் உண்டு.

மூன்றாவது, இடியும் நிலையிலுள்ள கட்டிடம். உதகையும் குன்னூரும் 1866ஆம் ஆண்டிலேயே நகரசபை பெற்ற ஊர்கள். வழிப்போக்கருக்கோ அண்டை வீட்டாருக்கோ ஆபத்து விளைவிக்கும் சுவரைச் செப்பனிடவோ இடிக்கவோ உடையவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் செய்யாவிடில் தானே செய்து செலவை அவரிடம் வசூலிக்க நகரசபைக்கு உரிமையுண்டு. நடைமுறையில் வரும் தடை யாதெனில், நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது என்பதே. பட்டாவில் உள்ள பெயர் இறந்துபோன பாட்டனாருடையது; பேரப் பிள்ளைகளோ பெங்களூரிலும் சென்னையிலும் கடல்கடந்த நாடுகளிலும் உள்ளனர். இறந்தவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதேது?

நான்காவது, அடமானம். முற்காலத்தில் கடன் கொடுத்தவர் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துப் பல ஆண்டு காத்திருந்தே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ‘சர்பாசி’ என்று வழங்கும் 2002ஆம் ஆண்டின் சட்டம் அந்நிலையை மாற்றிற்று. இப்போது பாங்கி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அதற்குள் பாக்கி தீராவிடில், வழக்கின்றியே வீட்டைக் கைப்பற்றலாம். பாங்கியின் செய்கை முறையற்றதெனக் கருதுவோர் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை பாக்கியைச் செலுத்தி வீட்டை மீட்கலாம். ஏலத்தில் கடனுக்கும் செலவுக்கும் மேல் தொகை வந்தால், அம்மிச்சம் உடையவருக்கே உரியது. விவசாய நிலத்தின்மீது உள்ள பிணைக்கு இச்சட்டம் பொருந்தாது. குடியிருக்கும் வீட்டுக்கோ பொருந்தும். தேயிலைத் தோட்டத்துக்கென வீட்டை ஈடு வைத்தவர் இவ்வேற்றுமையை நன்கு மனத்திற் கொள்க.

நோட்டீஸ் வந்த அன்று அதனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊராருக்குத் தெரிந்தால் மானம் போகுமென்று மௌனமாயிருந்து, 60 நாளும் கழிந்தபின் அழுவோர் உளர். கடன் பட்டது மானக்கேடன்று. உரிய நாளில் பேசாதிருப்பதே கேடு. பாங்கியாரும் ஒன்றை உணரவேண்டும். கைப்பற்றிய வீட்டைப் பூட்டி முத்திரையிட்டு ஏலத்தை நீட்டிக்கொண்டே போனால், இரண்டு மழைக்காலத்துக்குள் அதன் விலை குறையும். கடன்காரனுக்கும் நஷ்டம், பாங்கிக்கும் நஷ்டம், அண்டை வீட்டானுக்கோ ஒரு குற்றமும் செய்யாமலே நஷ்டம்.

பிற தேசங்களின் அனுபவம்

அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டை ஒட்டி வீட்டுக் கடன் நெருக்கடி மூண்டபோது, ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் தெருத்தெருவாக வீடுகள் பாங்கிகளால் பற்றப்பட்டு ஆளற்றுப் போயின. தனித்தனி வழக்குகளால் அதனைத் தீர்க்க முடியாதெனக் கண்ட அப்பகுதியார், 2009ஆம் ஆண்டில் குயஹோகா மாவட்ட நிலப்பாங்கி என்னும் பொது ஸ்தாபனத்தை அமைத்தனர். கைவிடப்பட்ட வீடுகளை அது தன் பொறுப்பில் வாங்கும். நல்லவற்றைச் செப்பனிட்டுக் குடியிருப்போருக்கு விற்கும். மீட்க முடியாதவற்றை இடித்து இடத்தைச் சுத்தம் செய்யும். வரியைத் தாமதமாகக் கட்டுவோரிடம் வசூலாகும் அபராதத்தையும் வட்டியையும் கொண்டே அச்செலவு பெரும்பாலும் நடந்தது.

நம் நிலைமைக்கு இன்னும் நெருங்கியது ஜப்பான். அங்கும் இளைஞர் மலைக்கிராமங்களை விட்டுப் பெருநகரம் செல்கின்றனர். முதியோர் மறைந்தபின் வீடு பூட்டப்படுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டில் காலி வீடுகள் ஏறக்குறைய 90 லட்சம். நூறு வீட்டில் பதின்மூன்றுக்கு மேல். 2014ஆம் ஆண்டில் அவர்கள் தனிச் சட்டம் ஒன்று இயற்றினர். பேணாது கெட்டுப்போகும் வீட்டை ஊராட்சி குறித்து வைத்து எச்சரிக்கும். உடையவர் அசட்டை செய்தால் வீட்டுமனைக்குரிய வரிச்சலுகை நீங்கும். அதனோடு, காலி வீடுகளைப் பட்டியலிட்டுக் குடியேற விரும்புவோருக்குக் காட்டும் ஏற்பாட்டையும் பல ஊர்கள் செய்தன. இவையெல்லாம் போதாதெனக் கண்டு, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வாரிசாக நிலம் பெற்றோர் மூன்று ஆண்டுகளுக்குள் தம் பெயரைப் பதிவு செய்தே தீரவேண்டும், தவறினால் அபராதம் என்று விதித்தனர். செல்வத்திலும் இயந்திரத்திறனிலும் சிறந்த அந்நாடு இறுதியில் வந்து நின்ற இடம், உயிரோடிருப்பவர் பெயர் பத்திரத்தில் இருக்கவேண்டும் என்ற எளிய விதியே.

நம் ஹட்டிகள்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். நம் ஹட்டியின் அமைப்பு தனிச்சிறப்புடையது. மனைகள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து வரிசையாக நிற்கும். ஒரு மனையின் பக்கச் சுவரே அடுத்த மனைக்கும் சுவர். பாலும் தயிரும் வைக்கும் உள்ளறை, விருந்தினர் அமரும் முன்னறை, வாசலில் அனைவருக்கும் பொதுவான முற்றம் என்று நம் முன்னோர் வகுத்தது, தனித்து வாழ்வதற்கன்று. ஒருவரையொருவர் தாங்கி வாழ்வதற்கே. நகரத்தில் ஒரு பங்களா இடிந்தால் அது அதன் தோட்டத்துக்குள்ளேயே விழும். ஹட்டியில் ஒரு மனையின் கூரை ஒழுகினால், இரு பக்கத்துச் சுவர்களும் ஊறும். பின்புறத்துக் கற்கட்டு சரிந்தால் கீழ்வரிசையின் மேல் விழும். 2009ஆம் ஆண்டு நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவை நாம் மறக்கலாகாது. நீர் ஓடும் வடிகால் ஒன்று அடைபட்டாலும் மலைச்சரிவில் அது உயிருக்கு உலையாகும். புதர் மண்டிய மனையில் கரடியும் சிறுத்தையும் பதுங்குவதும் நாம் அறியாததன்று.

மனையை விட்டுச் சென்றவரைக் குறை கூறுவதும் முறையன்று. மூத்த பிள்ளைகள் மணமுடித்துத் தனிமனை கொள்ள, கடைசிப் பிள்ளை பெற்றோருடன் பழைய மனையில் தங்குவது பெரும்பாலும் நம் வழக்கம். 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்தபோது, அக்கடைசிப் பிள்ளையும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்ல நேர்ந்தது. கூலிக்கும் உரத்துக்கும் போதாத விலைக்கு இலையைக் கொடுத்து மனையைக் காத்திருக்க எவராலும் முடியாது. அவன் பிழைப்புக்காகச் சென்றான். சாவியை மாத்திரம் உடன்கொண்டு சென்றான். அச்சாவியைப் பற்றியே நாம் பேசவேண்டும்.

ஊரில் தங்கியவர், ‘அவர் மனையால் எங்கள் சுவர் கெடுகிறது’ என்கிறார். வெளியூரில் இருப்பவர், ‘சாவியைக் கொடுத்தால் உரிமையே போய்விடும்’ என்று அஞ்சுகிறார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. பிறர் சொத்தைத் தன்னதென்று வெளிப்படையாகக் கொண்டாடி 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால் உடையவரின் வழக்கு காலங்கடந்ததாகும் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஆனால் உடையவர் சம்மதத்தோடு, எழுத்து மூலமாகக் குடியிருப்பவருக்கு அவ்வுரிமை பிறப்பதில்லை. ஆகவே பூட்டு உரிமையைக் காக்கும் கருவியன்று. எழுத்தே காக்கும் கருவி. பூட்டிய மனையைவிட, முறையான வாடகைச்சீட்டோடு ஓர் ஆசிரியைக்கோ செவிலிக்கோ கொடுத்த மனையே பத்திரமானது. மேலும், மலைப்பகுதியில் புதுக்கட்டிடம் எழுப்பக் கட்டுப்பாடுகள் 1993ஆம் ஆண்டு முதல் கடுமையாயிருத்தலின், இருக்கும் மனையைச் செப்பனிடுவதே சிக்கனமும் ஆகும்.

ஆதலின் நம் சங்கத்தாரும் ஹட்டிப் பெரியோரும் கீழ்க்கண்டவற்றை ஆலோசிப்பார்களாக.

ஒவ்வொரு ஹட்டியிலும் ஒரு மனைக்குறிப்பேடு வைத்தல் வேண்டும். பூட்டிய மனை எது, பட்டா யார் பெயரில் உள்ளது, உயிரோடிருக்கும் வாரிசுகள் யாவர், அவர்கள் முகவரி யாது, வரி எதுவரை செலுத்தப்பட்டது, கூரையும் வடிகாலும் எந்நிலையில் உள்ளன என்பவற்றை அதில் எழுதுக. இதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கையெழுத்து நன்றாயுள்ள ஓர் இளைஞனும் போதும்.

இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டாவை மாற்றுவதை ஓர் இயக்கமாகவே நடத்த வேண்டும். ஹெத்தை விழாவுக்கு எங்கிருந்தாலும் நம்மவர் ஊர் திரும்புகின்றனர். உடன்பிறந்தார் அனைவரும் ஒரே முற்றத்தில் கூடும் அந்நாட்களே வாரிசுச் சான்றுக்கும் பாகப்பிரிவினைக்கும் உரிய பேச்சைத் தொடங்க ஏற்ற காலம். பெண்மக்களின் பங்கை மறைத்து எழுதும் பத்திரம் பின்னொரு நாளில் வழக்காகவே முடியும். அவர்களையும் அழைத்து நியாயமாக எழுதுக.

தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் மே மாதத்தில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் செப்டம்பரில் ஒருமுறையும், பூட்டிய மனைகளின் கூரையையும் வடிகாலையும் ஹட்டியார் பார்வையிட்டு உடையவருக்குத் தெரிவிக்கலாம். சிறு பழுதை வரிசையாரே நீக்கிச் செலவை அவரிடம் பெறுவதென ஒரு பொது உடன்பாடு எழுதிக்கொள்வது இன்னும் நலம்.

பாங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தவர் வெட்கமின்றி அன்றே சங்கத்தில் உள்ள விவரமறிந்தோரை அணுகுக. தகுதியுடையோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. லோக் அதாலத்தில் பேசித் தீர்த்த கடன்களும் பல. விற்றே தீரவேண்டுமாயின், ஏலத்துக்கு முன்னர் வரிசையாருக்கும் ஊராருக்கும் தெரிவித்து நல்ல விலைக்கு விற்பது, ஏலத்தில் இழப்பதினும் மேலானது.

மீட்கவே முடியாத மனையாயின், அதனைத் தானாக விழவிடாமல் முறைப்படி பிரித்தெடுக்க வேண்டும். கல்லையும் மரத்தையும் வேறு மனைக்கு உதவும்படி எடுத்து, அண்டைச் சுவரைப் பூசிக் காத்து, வடிகாலைத் திறந்துவைத்து, வெறுமனையைக் காய்கறித் தோட்டமாக்கலாம். அதுவும் அம்மனைக்குச் செய்யும் மரியாதையே.

நீலகிரியின் சரித்திரம் நமக்குக் காட்டுவது இதுவே: உடையவன் சென்றதனால் மட்டும் எம்மனையும் அழிந்ததில்லை. சல்லிவன் சென்று இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. அவர் மனையில் பாடம் நடக்கிறது. பந்தலூரின் பொன் பங்களாக்களுக்கோ, கலைந்துபோன கம்பெனியின் பெயரே உடையவன் பெயராக எஞ்சியது, அவை காடாயின. உயிருள்ள ஒரு பெயரும், அன்றாடம் ஒரு வேலையும் பெற்ற மனை பிழைக்கும். நம் ஹட்டிகளின் மனைகள் சல்லிவன் மனையின் வழியில் செல்லுமா, பந்தலூர் பங்களாக்களின் வழியில் செல்லுமா என்பது நம் கையில் உள்ளது. அடுத்த மழைக்காலத்துக்குமுன் ஒவ்வொரு ஹட்டியும் ஒரு மனையையேனும் திறந்து விளக்கேற்றுமாயின், அதுவே நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

வாழ்க நம் மனைகள்! வளர்க நம் சமூகம்!